நேர்முகத்துக்கு முந்திப் போன மாம்பழம்

கோல்டிங்
3 ஏப்ரல் 2025, வியாழன்

சாரங்கிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீர் போனை வைத்த வேகத்தைப் பார்த்தால் இப்போதைக்கு எடுக்கமாட்டீர் என்று விளங்கிவிட்டது. எடுத்தாலும் நான் குரலை உயர்த்துவேன், நீர் உடனே டேனிஷுக்கு மாறுவீர், எனக்கு இன்னும் கோபம் வரும். அதனால் எழுதுகிறேன். எங்களுடைய வான் ஓட்டும் கோணேசன் அண்ணை வியாழக்கிழமைகளில் ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கிற தமிழ்க் கடை ஒன்றுக்கு எங்கள் மரக்கறி ஏற்றிக்கொண்டு வருகிறவர்தானே. உம்முடைய அறை வாசலில் இதைத் தந்துவிட்டுப் போவார். பதிலை அடுத்த வியாழன் அவரிடமே கொடும்.

எனக்குச் சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. போன வருடம் மயக்கமருந்துத் தாதிப் படிப்புக்கு விண்ணப்பித்தீர். அவசர நோயாளிகளோடு வேலை செய்த அனுபவம் காணாது என்று திருப்பி அனுப்பினார்கள். சரி, இதோடு விட்டுவிடுவீர் என்று நினைத்தேன். நீரோ கோல்டிங்கில் இருந்த நல்ல வேலையை விட்டு, அங்கே தூரத்து ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சை முடிந்தவர்களுக்கு மயக்கம் தெளிகிற வார்ட்டில் வேலை எடுத்து, ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு அறையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர். லீவு நாளில் மட்டும்தான் வீடு. இப்போது இரண்டாம் முறையும் விண்ணப்பம். கிடைத்தால் இன்னும் இரண்டு வருடம்.

நீர் ஏற்கெனவே நேர்ஸ். ஊரே மதிக்கிற நேர்ஸ். "இதுக்கு மேல என்ன?" என்று கேட்டதற்குத்தான் போனை வைத்தீர். திரும்பவும் கேட்கிறேன். இதற்கு மேல் என்ன?

வைலெயில் இரண்டாவது கடைக்கு இடம் பார்த்திருக்கிறேன். ரயில் நிலையத்துக்குக் கிட்ட, பின்பக்கம் லொறி வந்து நிற்க வசதி. மே பதினைந்துக்குள் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் கடையை நம்பி விட உம்மைத் தவிர எனக்கு ஒருத்தரும் இல்லை. கணக்கும் தெரியும், சனத்தோடு கதைக்கவும் தெரியும். ஆஸ்பத்திரி வேலையை அரைநாளாக்கினால் போதும்.

கோயிலில் நவரத்தினம் அண்ணை கேட்டார். "எங்கை தம்பி, மனிசியைக் கன நாளாக் காணேல்லை?" நான் சொன்னேன், "ஒரு கோர்ஸுக்குப் போயிருக்கிறா அண்ணை. ரண்டு மாசத்திலை வந்திடுவா." பக்கத்தில் நின்ற உம்முடைய மகள் மேனுஜா டேனிஷில் "அது பொய்" என்றாள். ஒன்பது வயதில் என்ன வாய்! நல்ல காலம், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

துஷாந்தன்

ஹொல்ஸ்டெப்ரோ
10 ஏப்ரல்

மேனுஜாவின் அப்பாவுக்கு,

முதலில் முடிவை எழுதிவிடுகிறேன், நீங்கள் கடைசிப் பக்கம்வரை தேடத் தேவையில்லை. வைலெக் கடைக்கு நான் வரமாட்டேன்.

இனி உங்கள் கேள்வி. இதற்கு மேல் என்ன?

போன மாதம் ஒரு நாள் மயக்கமருந்துத் தாதி ஒருத்தியோடு கூடவே நிற்க விட்டார்கள். சத்திரசிகிச்சைக்கு வந்தவர் ஒரு விவசாயி. மேசை கொள்ளாத உடம்பு. பயத்தில் அவளுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "உனக்குப் பிடித்த இடம் ஒன்றை நினை" என்றாள். "என் ட்ராக்டர்" என்றார் மனிதர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரித்தபடியே உறங்கிப்போனார். உறங்கியதும் மூச்சு நின்றது. அது அந்த மருந்தின் வேலை. அந்த நேரத்தில் டொக்டர்மார் வயிற்றைப் பார்த்தார்கள், மற்றவர்கள் கருவிகளைப் பார்த்தார்கள். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். ஒரு கையால் முகமூடியை அழுத்தி, மற்றக் கையால் காற்றுப்பையை அமுக்கி, அவருக்காக அவள் மூச்சுவிட்டாள்.

எனக்கு அந்த இடத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். பதவி உயர்வும் இல்லை, பெருமையும் இல்லை. வார்ட்டில் நான் செய்கிற எல்லாவற்றையும் இன்னொருத்தி திருத்தலாம். அங்கே அந்தக் கணத்தில் திருத்த ஆள் இல்லை. அது என்னைப் பயப்படுத்துகிறது. அதனால்தான் வேண்டும்.

என் கை சின்னது. பயிற்சிப் பொம்மையில் பழகும்போது முகமூடியின் ஓரத்தால் காற்று ஒழுகியது. சின்னவிரலைத் தாடையின் மூலையில் கொளுவி மேலே தூக்க வேண்டும் என்று பிடிபடச் சில கிழமை சென்றது. இப்போது ஒழுகுவதில்லை. குசினிக் கதவு முழுக்க மருந்துகளின் பெயரும் அளவும் ஒட்டியிருக்கிறேன். பல் தீட்டும்போதும் அதுதான் வாயில் ஓடுகிறது.

மயக்கமருந்துப் பிரிவின் தலைமைத் தாதி மாக்கிரட். எங்கள் வார்ட்டுக்கு வந்தபோது நான் ஒரு நோயாளியின் தாடையைத் தூக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்து, "இந்த வருடம் விண்ணப்பி" என்று அவரேதான் சொன்னார். நேர்முகக் குழுவில் அவரும் இருப்பார். என் வேலையை நேரில் கண்டவர் அந்தக் குழுவில் அவர் ஒருவர்தான்.

"கோர்ஸ், ரண்டு மாசம்" என்றிருக்கிறீர்கள். நான் என்ன களவெடுத்துவிட்டா ஒளிந்திருக்கிறேன்?

நேர்முகம் மே பதின்மூன்று. அதுவரை உங்களிடம் நான் கேட்பது, ஒன்றும் செய்யாமல் இருங்கள். அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

சாரங்கி

கோல்டிங்
24 ஏப்ரல்

சாரங்கிக்கு,

போன வியாழன் ஈஸ்டர் விடுமுறை, வான் ஓடவில்லை. பதில் பிந்தியதற்கு வேறு காரணம் தேடாதேயும்.

உம்முடைய கடிதம் வாசித்தேன். அந்த ட்ராக்டர்காரர் மனதில் நிற்கிறார். தாடை தூக்குகிற விதத்தை மேனுஜாவில் செய்து பார்த்தேன். "ஹோல் நு ஓப், அப்பா!" என்று கத்தி என் விரலைக் கடித்துவிட்டாள். போதும், விடுங்கோ என்று தமிழில் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன்.

வைலெ இடத்தை நான் இன்னும் கைவிடவில்லை. மறைத்து எழுதிப் பயனில்லை. ஆனால் நீர் இரண்டாம் முறையும் தோற்று வீட்டுக்கு வருவது எனக்கு விருப்பமில்லை. தோற்றுக் களைத்து வருகிற ஆளை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கடை நடத்துவது? வெல்லும். வென்றபிறகு அந்தப் படிப்பு வேண்டாம் என்று நீரே சொல்லும். அது மரியாதை.

இந்த நேர்முகம் எல்லாம் எனக்குப் புதிதில்லை. ஒரு பழைய கராஜில் இரண்டு பெட்டி கத்தரிக்காயோடு தொடங்கியபோது, எனக்குச் சரக்குத் தந்த மொத்த வியாபாரி என்னுடைய எந்தப் பத்திரத்தையும் பார்த்துத் தரவில்லை. மனிதனைப் பார்த்துத் தந்தான். மனிதரை மனிதர் அறிந்தால் பாதி அலுவல் முடிந்தது.

உம்முடைய மாக்கிரட் நல்ல மனுஷி போலத் தெரிகிறது. நல்ல மனிசரை நாங்கள் வெறுங்கையோடு விடுவதில்லை. ஒரு சின்ன அலுவல் செய்திருக்கிறேன். என்னவென்று கேட்காதேயும், தானாகத் தெரியவரும்.

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இந்த முறை முந்தி வந்துவிட்டது. விமானத்தில் வந்த முதல் சரக்கு. பெட்டியைத் திறந்தால் கடை முழுக்க மணக்கிறது. உமக்கு இரண்டு, கடிதத்தோடு.

துஷாந்தன்

ஹொல்ஸ்டெப்ரோ
1 மே

துஷாந்தன்,

கலியாணம் முடித்து இத்தனை காலத்தில் உங்களைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. இன்றைக்குக் கூப்பிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை மாக்கிரட் தன் அறைக்கு என்னைக் கூப்பிட்டார். மேசையில் நான்கு பெட்டி மாம்பழம். மேலே பொன்னிற நாடா. ஒரு அட்டை. அதில் டேனிஷில், "மாக்கிரட் அம்மையாருக்கு, சாரங்கியின் குடும்பத்தின் மரியாதையுடன். அவளை உங்கள் கையில் ஒப்படைக்கிறோம்." அந்த டேனிஷை யார் எழுதித் தந்தது? மேனுஜாவா? "ஒப்படைக்கிறோம்" என்றால் என்ன, நான் பொதியா?

வியாழன் பின்னேரம் கோணேசன் அண்ணை சாமான் இறக்குகிறவர்கள் போடுகிற செம்மஞ்சள் அங்கியோடு வரவேற்பு மேசைவரை வந்து இறக்கியிருக்கிறார். அங்கிருந்த பிள்ளை கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு மரக்கறி வருகிறதென்று நினைத்திருப்பாள்.

மாக்கிரட் பெட்டியைத் தொடவில்லை. "சாரங்கி, இது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

தெரியாது என்று சொல்லி ஒதுங்கியிருக்கலாம். "எனக்குத் தெரியாது. ஆனால் யார் என்று தெரியும். என் கணவர்" என்றேன். எங்கள் ஆட்கள் ஒரு நல்ல காரியத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போகமாட்டார்கள் என்று விளங்கப்படுத்தினேன். வருட முடிவில் பிள்ளையின் ரீச்சருக்கு, பல் டொக்டருக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று நீங்கள் கொடுக்காத ஆள் இல்லை என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "விளங்குது. ஆனால் நீங்கள் ரீச்சருக்குக் குடுக்கிறது வருஷ முடிவிலை. இது பரீட்சைக்கு முதல் வந்திருக்கு."

இங்கே அரசாங்க வேலையில் இருக்கிற ஒருவர், தன்னிடம் வேலை கேட்டு நிற்பவளிடமிருந்து ஒரு கோப்பியும் வாங்கமாட்டார். இது உங்களுக்குத் தெரியாததா? இத்தனை வருடம் இந்த நாட்டில் வியாபாரம் செய்கிறீர்கள்!

அவர் மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டார். என் விண்ணப்பம் நிற்குமா, எடுபடுமா என்று ஆளணி அலுவலகம் முடிவெடுக்கும். போன வருடம் அனுபவத்தில் விழுந்தேன். இந்த வருடம் மாம்பழத்தில் விழப்போகிறேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், உள்ளே வைத்திருக்க முடியவில்லை. ஒரு கணம் இப்படியும் நினைத்தேன். நான் விழவேண்டும் என்றுதான் அனுப்பினீர்களோ? வைலெக் கடைக்கு ஆள் வேண்டுமே.

பெட்டிகளைக் கோணேசன் அண்ணையிடம் திருப்பித் தருகிறேன். நீங்கள் எனக்கு அனுப்பிய இரண்டையும் சேர்த்து.

நேர்முகத்துக்கு நான் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேண்டாம் என்று அவர்கள் வாயால் சொல்லும்வரை படிப்பேன்.

சாரங்கி

கோல்டிங்
8 மே

சாரங்கிக்கு,

பெட்டிகள் வந்து சேர்ந்தன. கனிந்து போயிருந்தன. என் வியாபாரத்தில் சரக்குத் திரும்பி வந்ததுண்டு. இப்படி முகத்தில் அறைகிற மாதிரி வந்ததில்லை.

நீர் விழவேண்டுமென்று நான் அனுப்பவில்லை. அதை வாசித்ததும் கடிதத்தைப் பெட்டிக்கடியில் வைத்துவிட்டுக் கடையைச் சுற்றி நடந்தேன். எனக்கு ஒன்று பிடிக்காவிட்டால் முன்னால் நின்று பிடிக்கவில்லை என்பேன். பின்னால் போய்த் தள்ளிவிடுகிற ஆள் நானில்லை. அது உமக்குத் தெரியும். தெரிந்தும் அப்படி நினைத்தீர் என்றால், நினைக்க நான் இடம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் வைலெ வைலெ என்று எழுதினது நான்தானே.

அட்டையை நான்தான் எழுதினேன். மேனுஜாவைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் விட்டிருக்கமாட்டாள்.

நீர் எழுதின ரீச்சர் கதை சரி. நான் எப்போதும் அலுவல் முடிந்தபிறகுதான் கொடுத்திருக்கிறேன், இந்த முறைதான் முந்தினேன். ஏன் என்று யோசித்தேன். பயம். உமக்குக் கிடைக்காது என்று எனக்குள்ளே ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. உம்முடைய கெட்டித்தனம் காணாது, நாலு பெட்டி முண்டு கொடுக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அதுதான் பிழை. சட்டம் தெரியாதது இரண்டாம் பிழை.

மாக்கிரட் அம்மாவுக்கு விளக்கம் சொல்லி ஒரு கடிதம் எழுதினேன், டேனிஷில், இரண்டு பக்கம். தப்பெல்லாம் என்னுடையது, சாரங்கிக்கு ஒன்றும் தெரியாது என்று. கோணேசன் அண்ணையிடம் கொடுக்கப் போனேன். அவர் கையை நீட்டவில்லை. "தம்பி, போன முறை நான் வாய் திறக்கேல்லை. உது சாரங்கிக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப நான் கொண்டுபோகமாட்டன். உமக்குப் போகவேணுமெண்டா நீரே வானை ஓட்டும்." கிழித்துவிட்டேன். அதையும் அனுப்பியிருந்தால் அது ஐந்தாவது பெட்டி மாம்பழம்.

ஆக, நீர் முதலிலேயே கேட்டதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். ஒன்றும் செய்யவில்லை. கை அரிக்கிறது.

துஷாந்தன்

ஹொல்ஸ்டெப்ரோ
15 மே

மேனுஜாவின் அப்பாவுக்கு,

நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் ஆளணி அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. என் விண்ணப்பம் நிற்கும். ஆனால் மாக்கிரட் குழுவில் இருக்கமாட்டார். அவரே விலகிக்கொண்டார். நடைபாதையில் கண்டபோது, "நீ நல்லாச் செய்வாய். ஆனால் நான் உனக்காக ஒண்டும் சொல்லேலாது" என்றார். என் கையைப் பார்த்த ஒரே ஆளையும் உங்கள் மாம்பழம் வெளியே அனுப்பிவிட்டது. அன்றைக்கு அறைக்கு வந்து நல்லாய் அழுதேன். அழுது முடித்து முகம் கழுவி, இதயத் துடிப்புப் பாடத்தை முதலிலிருந்து தொடங்கினேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று புது முகங்கள். நடுவில் ஒரு டொக்டர் அம்மா, ஈட்டி மாதிரிப் பார்வை. மருந்துகள் கேட்டார்கள், சொன்னேன். பொம்மையைத் தந்து மூச்சுக் கொடுக்கச் சொன்னார்கள். ஓரத்தால் ஒழுகவில்லை.

பிறகு டொக்டர் அம்மா கேட்டார், "இரண்டு வருடம், முறை மாறி மாறி வேலை, படிப்பு. வீட்டில் என்ன சொல்கிறார்கள்?" முழு ஆதரவு என்று சொல்லும்படிதான் வார்ட்டில் எல்லோரும் சொல்லித் தந்தார்கள். என் வாயில் அது வரவில்லை. "என் கணவருக்குச் சம்மதமில்லை" என்றேன். "சம்மதமில்லாமலே ஒரு வருடமாகப் பிள்ளைக்குச் சமைக்கிறார், பள்ளிக்கு விடுகிறார், கடையும் நடத்துகிறார். ஒரு நாளும் பிள்ளை பசியோடு போனதில்லை. சம்மதமில்லாத மனிதரோடு ஒரு வருடம் இதைச் செய்துவிட்டேன். இன்னும் இரண்டு வருடம் என்னால் முடியும்" என்றேன். அதைச் சொன்னபோதுதான் எனக்கே விளங்கியது. நான் உங்களுக்கு இதை ஒரு நாளும் சொன்னதில்லை.

கடைசிக் கேள்வி. நோயாளி உறக்கத்தில். இரத்தத்தில் ஒட்சிசன் இறங்குகிறது. சத்திரசிகிச்சை டொக்டர், பெரிய ஆள், "இன்னும் கொஞ்ச நேரம், விடு" என்கிறார். என்ன செய்வாய்?

"நிறுத்து என்று சொல்வேன். எல்லோருக்கும் கேட்கச் சொல்வேன்."

"அவர் கேட்காவிட்டால்?"

"அவரைவிட நிறுத்தக் கஷ்டமான ஒருவரை நான் வீட்டில் வைத்திருக்கிறேன். அவர் கடைசியில் நின்றார்" என்றேன்.

டொக்டர் அம்மா முதலில் சிரிக்கவில்லை. "மாம்பழக்காரரா?" என்று கேட்டார். அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! ஓம் என்றேன். பிறகு மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

நேற்றுப் பின்னேரம் அழைத்தார்கள். இடம் கிடைத்துவிட்டது. செப்டெம்பரில் தொடக்கம், இதே ஆஸ்பத்திரி, பாடங்களுக்கு மட்டும் ஆர்கூஸ் நகரத்துக்குப் போகவேண்டும். யோசித்துச் சொல்லத் திங்கள்வரை நேரம் தந்தார்கள்.

நான் யோசிக்கவில்லை. போனிலேயே ஓம் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று இல்லை. வாய் முந்திவிட்டது. கோபமென்றால் எழுதுங்கள். இன்றைக்கு வைலெக் கையெழுத்து நாள் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்கும் நான் வருத்தப்படுகிறேன். ஆனால் மாறமாட்டேன்.

சாரங்கி

கோல்டிங்
22 மே

சாரங்கிக்கு,

வைலெக்காரனிடம் பதினைந்தாம் திகதி காலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உம்முடைய கடிதம் என் கைக்கு வந்தது அன்று பின்னேரம். ஆகவே உமக்காக விட்டுக்கொடுத்தேன் என்று யாரிடமும் கதைவிடாதேயும். உமக்கு இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீர் திரும்பவும் விண்ணப்பிப்பீர் என்று கண்டுகொண்டேன். ஆள் வராத கடைக்கு வாடகை கொடுக்க நான் என்ன விசரனா? ஒரு தமிழ்ப் பெடியன் அந்த இடத்தை எடுத்து முடிவெட்டுகிற கடை போடப்போகிறானாம். எனக்கு வயிறு எரிகிறது. அது கொஞ்ச நாளில் ஆறும்.

ஞாயிறு கோயிலில் நவரத்தினம் அண்ணை திரும்பவும் பிடித்தார். "ரண்டு மாசம் எண்டீர், இன்னும் காணேல்லை?"

அவருக்குக் காது கேட்கும்படி உரத்தே சொன்னேன். "அது பொய் அண்ணை. மனிசி மயக்கமருந்து குடுக்கிற படிப்புக்கு எடுபட்டிட்டா. இன்னும் ரண்டு வருஷம் அங்கைதான்."

"அப்ப வீட்டிலை சமையல்?"

"நான்தான்."

"உம்மட சமையலோ! பிள்ளை பாவம்."

"பிள்ளை கொழுத்துப் போனாள் அண்ணை, வந்து பாருங்கோ."

சுற்றி நின்ற சனமெல்லாம் சிரித்தது. மேனுஜா இந்த முறை ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நேர்முகத்தில் என்னைப்பற்றிச் சொன்னதை வாசித்தேன். அதைப்பற்றி எழுத எனக்கு வரவில்லை, விடும்.

கோபமென்றால் எழுதச் சொன்னீர். எழுதுகிறேன். கேட்காமல் ஓம் சொன்னது எனக்குக் கோபம்தான். புருஷன் என்று ஒருத்தன் இருக்கிறான், ஒரு போன் எடுத்திருக்கலாம், திங்கள்வரை நேரமும் இருந்திருக்கிறது. இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு வெங்காய மூட்டை அடுக்கினேன். மூன்றாம் நாள், கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். பேரம் பேசியிருப்பேன். ஒரு வருடம் தள்ளிப்போடும், கோல்டிங்கில் வருமோ பாரும், அரைநாள் இல்லையோ கேளும் என்று உம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியிருப்பேன். எனக்கு அது கை வந்த தொழில். நீரும் களைத்துப்போய் ஏதோ ஒன்றுக்குச் சம்மதித்திருப்பீர்.

நல்ல காலம், நீர் கேட்கவில்லை.

துஷாந்தன்